ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த ஃப்ரீஸர்

அன்று எங்கள் ஆபீஸ் அவ்வளவு அமைதியாக இருந்தது. பூஜை முடிந்து நானும் மேனேஜர் குப்புசாமி அண்ணனும் வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தோம்.

"பாத்தீங்களா பாய், சாமி வந்து உக்காந்துட்ட மாதிரி இருக்குதுங்க" என்றார் அண்ணன்.

நானும் ஆமாம் என்றேன். என்ன சத்தம் நின்றுபோயிருக்கிறது என்று இருவருமே யோசிக்கவில்லை.

பிள்ளைகளே, நான் வேன் டிரைவர். நாமக்கல்லில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் அறக்கட்டளை ஒன்றில் வேலை. நோயோடு இருப்பவர்கள், நோய் வந்து குணமானவர்கள் என்று பலரிடம் ஊர் ஊராகப் போய் நர்ஸ் ரத்தம் எடுப்பார். அதை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவேன். ஆபீஸில் அதைப் பிரித்து, சிறு குப்பிகளில் அடைத்து, மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீஸரில் வைப்பார்கள். அந்தக் குளிருக்கு முன்னால் ஐஸ்கிரீம் பெட்டி அடுப்பு மாதிரி. பின்னால் வரும் விஞ்ஞானிகள் ஏதாவது கண்டுபிடிக்க அந்த ரத்தம் கெடாமல் இருக்க வேண்டும். அதனால் ஃப்ரீஸர் ஒரு நாளும் நிற்கக் கூடாது. சுவிட்சின் மேல் 'அணைக்காதீர்கள்' என்று டாக்டர் கவிதாம்மா இங்கிலீஷில் பெரிதாக ஒட்டியிருந்தார்.

குப்புசாமி அண்ணன் இங்கே வருவதற்கு முன்பு திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி கம்பெனியில் இருந்தவர். அவருடைய அக்கா இந்த நோயில்தான் இறந்துபோனார். இறப்பதற்கு முன் அவர் கொடுத்த ரத்தமும் அந்த ஃப்ரீஸரில்தான் இருந்தது. அதனால் மற்ற மெஷினுக்கெல்லாம் ஒரு பொட்டு என்றால், ஃப்ரீஸருக்கு மட்டும் மாலை, சந்தனம், குங்குமம், தலைக்குமேல் பூசணிக்காய் சுற்றல். சந்தனம் அந்த இங்கிலீஷ் எழுத்தின் மேலும் ஏறிவிட்டது.

மதியம் கவிதாம்மா ஊரிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்றார்.

"என்ன, இவ்வளவு அமைதியா இருக்கு?"

"பூஜை முடிஞ்சுதுங்க மேடம். எல்லா மெஷினுக்கும் ஓய்வு குடுத்தாச்சு" என்றார் அண்ணன் பெருமையாக.

"ஃப்ரீஸருக்கு?"

"அதுக்குந்தானுங்க. பாவம், வருசம் பூரா ஓடுது. நிறுத்துனதும் கீங் கீங்னு கத்துச்சு. அந்தச் சத்தத்த நிறுத்துற பட்டனையும் அமுக்கிட்டனுங்க."

கவிதாம்மா ஓடினார். மைனஸ் எண்பது காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் ஐம்பது. சுவிட்சைப் போட்டார். ஒரு உறுமல் உறுமி டப்பென்று நின்றது. அப்புறம் எத்தனை முறை போட்டும் கம்ப்ரஸர் எழுந்திருக்கவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். "டூல்ஸ் எல்லாம் சாமிகிட்ட இருக்குங்க. நாளைக்கு விஜயதசமி முடிஞ்சுதான் எடுப்போம்." உலர் பனிக்கட்டி விற்பவரும் பூஜை போட்டுப் பூட்டியிருந்தார். அன்றைக்கு மாவட்டத்தில் ஒரு ஸ்பேனருக்குக்கூட வேலையில்லை.

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "மேடம், எங்க அக்கா..." என்றார்.

கவிதாம்மா கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். அவருடைய அப்பா பரமத்தி வேலூரில் மாடு வைத்திருப்பவர். "மாட்டுக்குச் சினை ஊசி போட வர்றவர்கிட்ட திரவ நைட்ரஜன் கேன் இருக்குமே! அது இதைவிடக் குளிர். பாய், வண்டிய எடுங்க" என்றார்.

வண்டி ரெடிதான். சாவிதான் சாமி முன்னால் தட்டில் இருந்தது. அதையும் மறுநாள்தான் எடுக்க வேண்டும். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அவரே கை நீட்டி எடுத்துக் கொடுத்தார்.

"போங்க பாய். சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

கவிதாம்மா போனில் சொல்லியிருந்ததால், ஊசி போடும் முத்துசாமி பரமத்தி வேலூரில் கேனோடு தயாராக நின்றார். கேனிலும் பொட்டு இருந்தது.

"நீங்க பூஜைக்கு ஓய்வு விடலையா?" என்று கேட்டேன்.

"மாட்டுக்கு ஏதுங்க ஆயுத பூசை? பருவத்துக்கு வந்துட்டா நாம ஓடித்தான ஆவோணும்? பொட்டு வெப்பேன், கெளம்பிருவேன்."

அவரையும் கேனையும் ஏற்றிக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினேன். கேனில் பாதி இடம் சினை ஊசிக்கான ஜெர்சிக் காளை விந்துக்கு. மீதியில் நம் குப்பிகள் எல்லாம் கொள்ளாது. கவிதாம்மா கையுறை போட்டு, இறந்துபோனவர்களுடையதை மட்டும் எடுத்து உள்ளே இறக்கினார்.

"இருக்கறவங்ககிட்ட மறுபடியும் கேக்கலாம். இவங்ககிட்ட கேக்க முடியாது."

"அக்காவோடது..." என்றார் அண்ணன்.

"அதத்தான் முதல்ல எடுத்தேன்."

முத்துசாமி மூடியைப் போட்டார். "பயப்படாதீங்கண்ணா. எங்காளைக ரொம்ப மரியாதையானதுக." அழுதுகொண்டிருந்த அண்ணன் அதில் சிரித்துவிட்டார்.

மீதிக் குப்பிகளில் இருந்த ரத்தம் உருகிக் கெட்டுப்போயிற்று. மெக்கானிக் மறுநாள் குளித்து, விபூதி பூசி, மிகவும் பக்தியோடு வந்து ரிப்பேர் பார்த்தார்.

அப்புறம் வாரக்கணக்கில் ஊர் ஊராக அலைந்தோம். கூப்பிடாமலே அண்ணனும் வேனில் ஏறிக்கொண்டார். ஜேடர்பாளையத்தில் ராசம்மாக்கா, மார்பில் வந்த நோய் குணமானவர், கேட்டார்: "போன தடவ குடுத்தது என்னாச்சுங்க?"

நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார்: "நாந்தானுங்க பூசைக்கு ஃப்ரீஸர அணைச்சுட்டேன்."

"ஏஞ்சாமி! எங்கூட்டு ஃபிரிட்ஜக்கூட நான் அணைக்கலீங்களே, மாவு புளிச்சுப்போயிரும்னு!" சிரித்து முடித்து அவர் கையை நீட்டினார். "இந்தக் கையில எடுங்க. அந்தக் கை ஆப்பரேசன் பண்ணுன பக்கம்."

அடுத்த ஆயுத பூஜைக்கு கவிதாம்மா 'அணைக்காதீர்கள்' என்று தமிழிலும் அச்சடித்து வந்தார். குப்புசாமி அண்ணன் அதை வாங்கி மேசையில் வைத்தார். ஓடிக்கொண்டிருந்த ஃப்ரீஸரின் சுவிட்சுக்கு மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், அதைச் சுற்றி ஒரு முழம் பூவைக் கட்டினார்.

"இப்ப எவன் கை வெப்பான்?" என்றார்.

அதற்கப்புறம் அந்த சுவிட்சை யாரும் தொட்டதில்லை. கூட்டுகிற அம்மா தூசிகூடத் தட்டுவதில்லை, தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார். கருவியை மதிக்க வேண்டும் பிள்ளைகளே. ஆனால் அது யாருக்காக ஓடுகிறது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு மதியுங்கள்.