சமையலுக்கு வந்த ஆள்

என் மனைவியின் தம்பிக்கு நான் எட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். வாங்கிய காலத்தில் அது பெரிய பணம். முதல் இரண்டு மூன்று வருஷம் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பிறகு முடிந்தது. கொடுக்கவில்லை.

எங்கள் டைல் வியாபாரிகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. நான் எப்படி முன்னுக்கு வந்தேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். சொல்லிக்கொள்ள என்னிடம் நிறையவே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சிமென்ட் சட்டி தூக்கி, தரை போடக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு மூன்று மாடியில் ஷோரூம் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் வழுக்கி விழாமல் குளித்துவிட்டு வருகிறார்கள் என்றால் அது என் கைவண்ணம். ஒரு தரையைத் தட்டிப் பார்த்தே எந்த டைலுக்கு அடியில் கலவை சேரவில்லை என்று சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர்கள் என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனாலும் முன்னுக்கு வந்த கதையை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியில் மைத்துனன்தான் வந்து நிற்கிறான். அதனால் அவனைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

அவனை எல்லோரும் கப்பல் என்று கூப்பிடுவார்கள். மீசை சரியாக முளைக்கும் முன்பே சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனான். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரிப்பதுதான் முதல் உத்தியோகம். முதல் ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்தவன் அக்காவுக்கு ஒரு பை நிறைய வாசனைச் சோப்பு கொண்டுவந்தான். மறுநாள் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தான். அப்போது என்னிடம் சொந்தமாக டைல் வெட்டும் மெஷின் இல்லை. தினவாடகைக்கு எடுப்பேன். கூலியில் பாதி அதற்கே போய்விடும்.

"இத சொந்தமா வாங்கினா எவ்வளவு ஆகும் அத்தான்?" என்று கேட்டான்.

"எட்டாயிரம். ஏன், நீ வாங்கித் தரப் போறியா?" என்று நக்கலாகச் சொன்னேன்.

சட்டைக்குள் கை விட்டு ஒரு கவரை எடுத்தான். "கப்பல்ல எனக்கு என்ன செலவு? சோறும் அவங்களே போடறாங்க, படுக்கையும் அவங்களே தர்றாங்க."

அந்த மெஷின்தான் என்னைத் தூக்கிவிட்டது. அடுத்த முறை அவன் வந்தபோது, "உன் பணம் மச்சான்..." என்று இழுத்தேன். "நமக்குள்ள என்ன அத்தான்" என்றான். முதலில் அதைச் சொன்னவன் அவன்தான். பிறகு வந்த ஒவ்வொரு முறையும் அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன், "நமக்குள்ள என்ன மச்சான்" என்று. அவனும் சிரித்துவிட்டுப் போய்விடுவான். ஆள் வெள்ளந்தி, பணத்தை மறந்துவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

கப்பலில் கடைசிவரை அவன் தலைமைச் சமையல்காரன் ஆகவில்லை. ஒருமுறை அலையில் எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது உள்ளங்கை வெந்துபோனது. பெண் பார்க்கப் போனால், எப்போதும் கடலில் இருப்பவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். முழங்கால் தேய்ந்த பிறகு கரைக்கு வந்தான். ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை, சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை. அங்கே கட்டிலுக்கும் ஸ்டவ்வுக்கும் நடுவில் ஒரு ஆள் திரும்பலாம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு சின்னக் கடை காலியானது. நோயாளிகளுக்குத் துணையாக வந்து காத்துக் கிடப்பவர்களுக்குச் சூடாக சூப் விற்கலாம் என்று ஆசைப்பட்டான். திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கடை ஒரு செல்போன் ரிப்பேர்காரனுக்குப் போய்விடும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னான். அக்கா என்னிடம் சொன்னாள். "பார்க்கலாம்" என்றேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது என் கடைப் பையன்களுக்கே தெரியும்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் கேட்டவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. பையனின் அப்பா பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனின் அம்மா எங்கேயோ தாய்லாந்து ஓட்டலில் காரமான பூசணிக்காய் சூப் குடித்துவிட்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"என் தம்பி வைப்பான். ஓட்டல்காரன் தோத்தான்" என்றாள் என் மனைவி.

நானும் சரி என்றேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் சந்திப்பிலேயே பையனின் அப்பாவிடம், என் மைத்துனன் கப்பலில் ஆபீசர், இப்போது நடுக்கடலில் இருக்கிறான் என்று அளந்துவிட்டிருந்தேன். அவன் சமையல்கட்டில் இருக்கப் போகிறான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இன்று அவர்கள் என் சம்பந்திகள். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும். போகட்டும்.

ஞாயிறு காலை அவன் ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தான். அதில் இரண்டு மஞ்சள் பூசணி இருந்தன. நான் விரலை மடக்கி ஒன்றைத் தட்டினேன்.

"இது வேணாம் மச்சான். உள்ள பொள்ளலா கேக்குது."

"இது டைல் இல்ல அத்தான். பொள்ளலா கேட்டாத்தான் நல்ல முத்தல்."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். பெருமைக்கு வாங்கிவைத்த ஓவனில் இத்தனை நாள் பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருந்தோம். அவற்றை வெளியே எடுத்துப்போட்டு, பூசணியைப் பாதியாகப் பிளந்து, எண்ணெயும் உப்பும் தடவி உள்ளே வைத்தான். ஊறவைத்த காய்ந்த மிளகாயை என் பக்கம் தள்ளி விதை எடுக்கச் சொன்னான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒருவன் என்னிடம் வேலை சொன்னான், நானும் செய்தேன். அவன் எலுமிச்சைப்புல்லின் வெள்ளைத் தண்டு, பேரரத்தை, பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் மிளகாயோடு கல்லுரலில் போட்டு இடித்தான்.

"மிக்ஸி இருக்கேடா" என்றாள் அக்கா.

"மிக்ஸின்னா தண்ணி ஊத்தணும்க்கா. தண்ணி ஊத்தினா விழுது பொரியாது. எனக்குச் சொல்லிக் கொடுத்த தாய்லாந்துப் பெரியவர் மிக்ஸியப் பாத்தாலே முகத்தத் திருப்பிக்குவாரு."

கெட்டித் தேங்காய்ப்பாலைச் சட்டியில் ஊற்றிக் கொதிக்கவிட்டான். கொஞ்ச நேரத்தில் அது திப்பி திப்பியாகி எண்ணெய் கக்கியது.

"போச்சு, திரிஞ்சு போச்சு" என்றேன்.

"திரியணும் அத்தான். அந்த எண்ணெயிலதான் விழுது வதங்கணும்."

விழுதைப் போட்டதும் வீடு முழுக்கத் தும்மல். ஓவனில் வெந்த பூசணியை வழித்துப் போட்டு, இரண்டாம் பால் ஊற்றி, கடைந்து வடிகட்டினான். ஒரு புட்டியிலிருந்து மீன் சாஸ் விட்டான். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இத மோந்து பாக்கக் கூடாது, குடிச்சுத்தான் பாக்கணும்" என்றான். கொஞ்சம் வெல்லம் போட்டான். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிந்தான். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆற்றி என் கையில் ஊற்றினான். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, விழுங்கிய பிறகு காரம் மெல்ல ஏறியது. நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் அது ஒன்று. அதை அவனிடம் அப்போது சொல்லவில்லை.

அவர்கள் வந்தார்கள். மேசையில் உட்காரவைத்து, தரையில் போட்டிருக்கும் இத்தாலிய மார்பிளின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சூப்பை என் மனைவி கொண்டுவருவதாக ஏற்பாடு. சட்டி கனம், அவளுக்கு மணிக்கட்டு வலி. அதனால் அவனே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தோளில் துண்டு, சட்டையெல்லாம் வேர்வை. அவன் பின்னால் கிண்ணங்களோடு அவள்.

"இவரு யாருங்க? ஜாடை அப்படியே உங்க வீட்டம்மா மாதிரியே இருக்கு" என்றார் பையனின் அம்மா.

"சமையலுக்கு வந்த ஆளுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க வீட்டுச் சாப்பாட்ட ரெண்டு நாள் சாப்பிட்டா யாருக்கும் இந்த ஜாடை வந்துடும்" என்று சேர்த்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கையில் கிண்ணங்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டியை மேசையில் வைத்தான். கரண்டியை எடுத்தான்.

"உங்களுக்குக் கொஞ்சமா ஊத்தட்டுமா முதலாளி? காரம் இருக்கும்" என்றான்.

அத்தான் என்று கூப்பிட்ட வாய் அது. நான் தலையை ஆட்டினேன்.

"ஆமா, கப்பல்ல இருக்காரே உங்க மச்சான், அவரு எப்ப வர்றாரு?" என்று பையனின் அப்பா கேட்டார்.

"அடுத்த வருஷம்" என்றேன். அப்போது அவன் என் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.

அவர்கள் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கிளம்பும்போது பையனின் அப்பா அவனைக் கூப்பிட்டார். "இத எங்க கத்துக்கிட்டப்பா?"

கப்பலில் என்று அவன் சொன்னால் போதும், என் மானம் காற்றில் பறக்கும்.

"ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தாருங்க" என்றான்.

அவர் பர்ஸைத் திறந்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "வேணாங்கய்யா. எனக்குக் கூலி முதலாளி தருவாரு" என்றான்.

கார் போனது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் சட்டி, கல்லுரல், கிண்ணம் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தான். ஓவனைத் துடைத்து, வெளியே எடுத்த பிளாஸ்டிக் டப்பாக்களைப் பழையபடி உள்ளே அடுக்கினான். பிறகு கூடத்துக்கு வந்தான். எப்போதும் வந்ததும் சோபாவில் சரிந்து காலை நீட்டுகிறவன், வாசல் மிதியடி பக்கத்தில் நின்றான்.

"கூலி, முதலாளி."

"விளையாடாத மச்சான். சூழ்நிலை அப்படி, என்னமோ வாயில வந்துடுச்சு. நமக்குள்ள என்ன..."

"விளையாடல. அக்கா வீட்டுல கை நீட்டக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் கேக்கல. கேட்டா அக்காவுக்குத்தான் தலைகுனிவு. கூலிக்கு வந்தவனுக்கு அந்தக் கவலை இல்லையே, கேக்கலாம்ல?" குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "எட்டாயிரம்."

நான் எழுந்தேன். என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த மெஷின் இப்ப என்ன விலைங்க? நம்ம கடையிலதானே விக்கறீங்க."

"முப்பத்தெட்டாயிரம்" என்றேன்.

"அவன் கொடுத்தது மெஷின். மெஷின் விலையக் கொடுங்க."

"எட்டு போதும்க்கா. அட்வான்ஸுக்கு மிச்சத்தப் பொரட்டிக்குவேன்."

"நீ சும்மா இரு. எந்தக் கூலிக்காரன்டா கூலியக் குறைச்சுக் கேக்கறான்?"

என் பீரோவில் எப்போதும் பணம் இருக்கும். அதையும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அப்போது ஆயிரம் ரூபாய் நோட்டு புழக்கத்தில் இருந்தது; அதில் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அப்படியே கொடுத்துவிடலாம் என்று நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"எண்ணிக் கொடுங்க முதலாளி."

வலது கையை விரித்தான். எண்ணெய் பட்டு வெந்த இடத்தில் ரேகை கிடையாது, தோல் வழவழவென்று இருக்கும். நகக்கண்ணில் பூசணியின் மஞ்சள் இன்னும் போகவில்லை. நோட்டுப் புரட்டுவதற்காகக் கட்டைவிரலை நாக்கில் தொட்டேன். காலையில் விதை எடுத்த மிளகாயின் காரம் விரலிலேயே இருந்தது, நாக்கு எரிந்தது. என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் வைத்தேன். முப்பத்தெட்டாவது நோட்டை வைக்கும்வரை அவன் விரலை மடக்கவில்லை.