ஆமை சாப்பிடும் நேரம்

பக்கத்து வீட்டு ஆமைக்கு இன்று ஸ்ட்ராபெரி வைத்தேன். நான் நின்றவரை ஓட்டுக்குள் மூடிக்கிடந்தது, விலகியதும் தின்றது.

கெல்சென்கிர்ச்சன் நகரத்து அகதி விடுதிக் காவலாளி வளர்த்த ஆமையும் இப்படித்தான். அப்போது எனக்குப் பத்து வயது. ஊரில் இராணுவத் தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த அண்ணை எதையும் வாயில் வைக்காமல் மெலிந்துகொண்டே போனார். அம்மா சோற்றைக் குழைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார்.

"ஒரு வாய் சாப்பிடு ராசா."

"ஏலாதம்மா. அங்க சாப்பிடேக்க பாத்துக்கொண்டு நிண்டுதான் அடிச்சவங்கள்."

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "தட்டை வச்சிட்டு வாங்கோ. அந்த ஆமையும் ஆக்கள் நிண்டால் தின்னாது."

"என்ர பிள்ளை ஆமையோடி?" என்று அழுதுகொண்டே வெளியே வந்தார்.

அரை மணி நேரம் கழித்துப் போனபோது தட்டு காலியாக இருந்தது.

அம்மா சாகும்வரை அண்ணைக்குச் சமைத்தார். அவர் சாப்பிடுவதை ஒருநாளும் பார்க்கவில்லை.