உபதேசியாரின் தொண்டை

என் வீட்டுக்காரருக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே வரம் தொண்டை. அழகு கொடுக்கவில்லை, சாமர்த்தியம் கொடுக்கவில்லை, மளிகைக் கடையில் பேரம் பேசும் புத்தி சுத்தமாகக் கொடுக்கவில்லை. தொண்டையை மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டார். போத்தனூர் சந்தைக்குள் நின்று அவர் பிரசங்கம் செய்தால், ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர் வீட்டு நாய்கள் குரைக்கும். அவர் எங்கள் சின்னச் சபையின் உபதேசியார். நான் உபதேசியார் பெண்டாட்டி. அதாவது சம்பளம் இல்லாத உபதேசியார்.

அவரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தேவ சித்தம். மழை பெய்தால் தேவ சித்தம், பெய்யாவிட்டாலும் தேவ சித்தம். ரசத்தில் உப்புக் கூடிப்போனால் மட்டும் என் சித்தம். எங்கள் பையன் நாலு வயதில் விஷக் காய்ச்சலில் போனபோதும், குழிமேட்டில் நின்று, அதே தொண்டையில், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் "தேவ சித்தம்" என்றார். அதற்கப்புறம் பையனின் பெயரை அவர் வாயில் எடுக்கவே இல்லை. ஆண்டவரோடு நான் அடுப்படியில் சண்டை போடுவேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். இந்த மனுஷனோடுதான் போட முடியவில்லை. எதைத் தூக்கி வீசினாலும் அந்த இரண்டு வார்த்தையில் முட்டித் திரும்பி வந்தது.

முப்பதுகளின் கடைசியில் ரங்கூனில் கலவரம் மூண்டது. நம்மவர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று பேச்சு. உயிர் தப்பிக் கப்பலேறியவர்கள் மெட்ராஸில் இறங்கி, ரயிலேறி, அவரவர் ஊருக்குப் போனார்கள். போக்கிடம் இல்லாத சிலர் போத்தனூரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டோம். நாலு சுவரும் மேலே ஓடும் உண்டு. அந்த ஓட்டிலும் பாதியை ஆடிக் காற்று கொண்டுபோயிருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் குஷி தாங்கவில்லை. எழுந்து போக வழியில்லாத சபை ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா! முதலில் சுவிசேஷம், அப்புறம் கஞ்சி என்று முறை வைத்தார்.

"ஏனுங்க, வவுறு காஞ்ச சனத்துக்குக் காது கேக்குமுங்களா?" என்றேன்.

"நீ கஞ்சியப் பாரு புள்ள. ஆத்துமாவ நான் பாத்துக்கறேன்."

நம் பக்கத்து ஜனங்கள் மரியாதைக்காரர்கள். வனாந்தரத்தில் அலைந்த ஜனங்களைப் பற்றி அவர் முழங்க முழங்க, கண்ணைக் கஞ்சி அண்டாவின் மேல் வைத்துக்கொண்டே "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். பரிசுத்த ஆவி அசைவாடுகிறது என்று அவர் பூரித்துப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அசைவாடியது நான் அரைத்து வைத்த கொள்ளுத் துவையலின் வாசம்.

ஒருத்தி மட்டும் ஆமாங்க போடவில்லை. அவினாசிப் பக்கத்துக்காரி. சாதி மாறிக் கட்டிக்கொண்டு புருஷனோடு ரங்கூனுக்கு ஓடிப்போனவள். அவனுக்கு அங்கே அரிசி மில்லில் கூலி வேலை. அவள் இனி சொந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது. கப்பலில் ஓர் ஆளுக்குத்தான் இடம் கிடைத்ததாம். "நீ முன்னாலே போ, போத்தனூர் ஸ்டேஷன்லயே இரு, அடுத்த கப்பல்ல நான் வாரேன்" என்று அவளை மட்டும் ஏற்றிவிட்டிருந்தான். அவள் வந்து இறங்கிய பிறகும் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவன் வரவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "உபதேசியாருங்க, எம்பட ஊட்டுக்காரரு இருக்காரா, செத்தாரான்னே தெரியலீங்க. செத்திருந்தா, அதும் உங்க சாமி நெனச்சதுதானுங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. "எல்லாம் தேவ சித்தம், அம்மணி."

அவள் மூட்டையை எடுத்தாள். "அப்ப அந்தச் சாமி கூரைக்குக் கீழ எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றாள். சத்தம் உயரவில்லை, மரியாதை குறையவில்லை. கஞ்சியைத் தொடாமல் நேரே ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பாரத்தின் கடைசியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் சாமியாடிவிட்டேன். உபதேசியார் பெண்டாட்டி அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் ஆடியது அதுதான்.

"கிளிப்புள்ளகூட ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுமுங்க! அவ கேட்டது என்ன, நீங்க சொன்னது என்ன?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மையச் சொன்னீங்களா, அவ வாய அடச்சீங்களா? அவ்வளவு தொண்டை இருந்தா, போய் அவ புருசனக் கூப்புடுங்க. அதுக்காவது ஆகட்டும்!"

கோபத்தில் சொன்னதுதான். மறுநாள் காலை மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். கஞ்சியைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

மெட்ராஸ் வண்டி வந்து நின்றது. அவ்வளவு நீள வண்டியில் அவள் ஒருத்தி எத்தனை பெட்டியைத்தான் பார்ப்பாள்? அவர் அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டுக்கொண்டு, இன்ஜினில் தொடங்கிக் கார்டு பெட்டி வரை, ஜன்னல் ஜன்னலாக அந்தப் பெயரைக் கூவிக்கொண்டே போனார். தூங்கியவர்கள் எழுந்தார்கள். குழந்தைகள் வீறிட்டன. யாரோ ஒரு மலையாளத்துக்காரர் ஊர் வந்துவிட்டதென்று பெட்டி படுக்கையோடு இறங்கி, மறுபடி ஏறினார். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பிளாட்பாரத்தில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்ததற்காக என் வீட்டுக்காரரை முன்பே விரட்டியடித்த சட்டைக்காரத் துரை அவர்.

"பாதிரி! இது சர்ச் இல்லே! ஸ்டேஷன்!"

"பிரசங்கம் பண்ணலீங்க துரை. இந்தம்மா புருசனத் தேடறேன்."

துரை அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "வண்டி கிளம்பினா நிறுத்திடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்டவர் பெயரைச் சொல்லிக் கத்தியபோது விரட்டிய மனுஷர், அரிசி மில் கூலி ஒருவனின் பெயரைச் சொல்லிக் கத்தியதற்கு விட்டுவிட்டார்.

அப்புறம் தினமும் அதுவே வேலை. காற்றோடு மல்லுக்கட்டித் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் தவளைச் சத்தமாக வந்து பாதியிலேயே நின்றது. சபையார் மனதார ஸ்தோத்திரம் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கஞ்சி முதலில் என்று முறையும் மாறியது. அவள் என் கையால் பிளாட்பாரத்தில் சாப்பிட்டாள். படுக்கை பெண்கள் வெயிட்டிங் ரூமில். எங்கள் கூரை ஆகாது, ரயில்வேக் கூரை ஆகும்! இந்தக் கதையை எங்கே சொன்னாலும், கடைசியில் அவள் ஞானஸ்நானம் எடுத்தாளா என்றுதான் கேட்கிறார்கள். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம். நான் நடுவில் போகவில்லை.

ஒருநாள், அவர் கம்மிய குரலில் கூவிக்கொண்டு போகையில், மூன்றாம் வகுப்பு ஜன்னல் ஒன்றிலிருந்து ஒரு தலை நீண்டது. "யாரு அவனைக் கூப்பிடறது?" கையில் கட்டோடு ஓர் ஆள் இறங்கினான். ரங்கூனில் அவள் புருஷனோடு ஒரே மில்லில் மூட்டை தூக்கியவன். அவள் ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உன் கப்பல் போன மறுநாள், தங்கச்சி. மில் வாசல்லயே. நாங்கதான் அடக்கம் பண்ணினோம்" என்றான்.

வண்டி ஊதியது. அவன் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

அவள் அழவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க உபதேசியாருங்க. இது யாரு சித்தம்?"

நான் தூக்குப்போசியைக் கீழே வைத்தேன். அந்த வார்த்தையை மட்டும் சொல்லட்டும், மனுஷனைத் தண்டவாளத்தில் தள்ளிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். ஆண்டவர் சாட்சி, தள்ளியிருப்பேன்.

வாயைத் திறந்தார்.

"தெரியலீங்க, அம்மணி."

பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எம்பட பையன் செத்தப்பவும் எனக்குத் தெரியலீங்க. குழிமேட்டுல நின்னு என்னத்தையோ சொல்லிப்போட்டேன். இன்னிக்கு வரைக்கும் தெரியலீங்க." பிறகு எங்கள் பையனின் பெயரைச் சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார்.

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். எனக்கோ அழுகைக்கு முன்னால் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "அட பாவி மனுசா! இத அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? நானும் தெரியாமத்தானே கெடந்தேன்! ரெண்டு பேரும் சேந்து தெரியாம இருந்திருக்கலாமே!" என்று கத்தினேன். காலனி நாய்கள் குரைத்தன. துரை மறுபடி ஓடி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

புருஷனைப் பறிகொடுத்தவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கக்கா" என்றாள். நானும் அவர்களோடு மண்ணில் உட்கார்ந்தேன்.