அசைந்த தே ஓ

அவர் பேராசிரியர். நிலம் நடுங்கினால் அடியில் உள்ள மண் என்ன ஆகும் என்று முப்பது வருடமாக ஆராய்ந்தவர். நான் அவருடைய மண் மாதிரிகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர். எங்கள் மலேசிய ஜொகூரில் நிலம் எங்கே நடுங்குகிறது? அந்த வருடம் அவர் வகுப்பில் நான்கே மாணவர்கள்.

ஒல்லியான மனிதர். கால் சப்பாத்தில் எப்போதும் சேறு காய்ந்திருக்கும். பாலில்லாத தேநீர், தே ஓ, வந்தால் உடனே குடிக்க மாட்டார். கிளாசில் அசைவு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "பழக்கம் லா" என்பார்.

அன்று காலை யோங் பெங் ஊர்த் தேநீர்க் கடையில், தன் பாடத்தை ஏன் மூடக்கூடாது என்று பல்கலைக்கழகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எத்தனையாவது கடிதமோ. அடங்கிக் கிடந்த தே ஓ திடீரென்று வளையம் வளையமாக அசைந்தது.

"சார், ஆடுது."

"செம்பனை லாரி போவுதுப்பா." நிமிராமலே எடுத்துக் குடித்துவிட்டார்.

சற்று நேரத்தில் அவர் போன் அடித்தது. தமிழ் நிருபர் ஒருவர். லேசான நிலநடுக்கமாம், நிபுணர் என்ன உணர்ந்தார் என்று கேட்டார்.

பேராசிரியர் நினைத்திருந்தால் எதையாவது சொல்லியிருக்கலாம். கடிதத்துக்கும் உதவியிருக்கும்.

"எனக்கு ஒன்னும் தெரியலைங்க. என் டிரைவருக்குத்தான் தெரிஞ்சுச்சு. அவர்கிட்டயே கேளுங்க," என்று போனை என்னிடம் நீட்டினார்.

நான் என்ன உளறினேனோ, நினைவில்லை. அவர் இன்னொரு தே ஓ வரவழைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவே இல்லை. ஆறிப்போன பிறகும் அவர் குடிக்கவில்லை.