அருந்ததிக்குப் பதில் ஆள்

அந்தப் போன் கம்பனி மேல் எனக்குள்ள கோபம் இத்தனை வருடமாகியும் ஆறவில்லை. எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் ஒரு ஜெனரேட்டர், அது மக்கர் பண்ணினால் இன்னொன்று. ஆனையிறவுப் பக்கத்தால் ஒரு கேபிள், வவுனியாப் பக்கத்தால் மற்றது. கொம்பியூட்டரும் இரண்டு. அவற்றைப் பார்க்க அருந்ததி மட்டும் ஒற்றை ஆள்.

நான் கிளிநொச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் பார்ப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவள் அக்கராயன் ஊர்ப் பிள்ளை, வயல் செய்கிற குடும்பம். தகப்பன் இல்லை, தாய் இராசமலர் மட்டும். வன்னியில் நிற்கிற டவர்களில் எது வேலை செய்கிறது, எது படுத்துவிட்டது என்று காட்டுகிற மென்பொருள்தான் அவள் பொறுப்பு. கறுப்புத் திரையில் கட்டளையை அடிப்பாள். அது எழுத்திலேயே பதில் சொல்லும்.

சாப்பாட்டு நேரங்களில் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் விளங்கியது. ஒரு கொம்பியூட்டர் வேலை செய்யும். மற்றது பக்கத்தில் நின்று, நீ இருக்கிறாயா என்று அதைக் கேட்டபடியே இருக்கும். பதில் வராவிட்டால் வேலையைத் தான் எடுத்துக்கொள்ளும். உள்ளே ஓடுகிற புரோகிராம்களுக்கும் ஒரு காவல் உண்டு. ஒன்று விழுந்தால் காவல் எழுப்பிவிடும். திரும்பத் திரும்ப விழுந்தால், இந்தக் கொம்பியூட்டருக்கே ஏதோ நோய், வருத்தம் என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் மற்றதிடம் கொடுத்துவிடும். அதனால் எதையாவது நிறுத்துவதென்றால் முதலில் காவலிடம் சொல்லவேண்டும்.

"நீ படுத்தால் உன்னை ஆர் பிள்ளை எழுப்பிறது?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

"அம்மாதான். போன் சத்தம் கேட்டால் எனக்கு முதல் எழும்பி தேத்தண்ணி வச்சுப்போடுவா."

ஏதாவது பிழை வந்தால் மென்பொருள் அவளுடைய போனுக்குத்தான் தகவல் அனுப்பும். நேரம் காலம் பார்க்காது.

அப்போதே அவளுக்கு வயிற்றில் நோ. ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். ஒருநாள் லீவு கேட்டாள். பொறுப்பதிகாரி செந்தூரன், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நல்ல பெடியன், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்று காலை ஒரு புரோகிராம் இறுகிப்போய் நிற்க, காவலிடம் சொல்லாமல் நேரே அதை நிறுத்திவிட்டான். காவல் எழுப்பியது. இவன் நிறுத்தினான். அது எழுப்ப, இவன் மறுபடி நிறுத்தினான். கொம்பியூட்டர் தனக்கு வருத்தம் என்று முடிவெடுத்து வேலையை மற்றதிடம் தள்ளியது. மற்றதன் டிஸ்க் பழுது. மாற்றித் தரும்படி அவள் எத்தனையோ தரம் கேட்டிருந்தாள். அதுவும் விழுந்தது. எந்த டவர் நிற்கிறது, எது படுத்தது என்று பார்க்க வழியில்லை.

கொழும்பிலிருந்து செந்தூரனுக்கு ஏச்சு விழுந்தது. அவன் அவளுக்குப் போன் எடுத்தான். ஸ்கானுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரிசையில் இருந்தவள், ஓட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். நேரே கழிவறைக்குப் போனாள். பிறகு கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்து, காவலை நிறுத்தி, எது உயிரோடு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, முதலாவது கொம்பியூட்டரை ஒழுங்குமுறையாக எழுப்பினாள். எல்லாம் ஓடத் தொடங்கியபோது ஸ்கான் அறை பூட்டியாகிவிட்டது. ஸ்கானுக்கு வேறு நாள் அறுவடைக்குப் பிறகுதான் கிடைத்தது.

பதிலுக்கு ஓர் ஆள் தரும்படி அவள் கேட்டாள். எடுக்கிறோம், எடுக்கிறோம் என்றார்கள். புது டிஸ்க் மட்டும் உடனே வந்தது. ஸ்கான் எடுத்தபோது புற்றுநோய் ஈரல் வரை போயிருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று திரும்பக் கூட்டிவந்தார்கள்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சுருண்டு கிடந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டாவது கொம்பியூட்டர் வேலையை எடுத்திட்டுது, அண்ணை. இப்ப பிழையில்லாமல் ஓடுது."

குசினியில் இராசமலர் கேத்திலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. அருந்ததி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நான் போனாப்பிறகும் இது அடிச்சுக்கொண்டுதான் இருக்கும். அம்மாவும் எழும்பித் தேத்தண்ணி வைப்பா. செந்தூரனிட்டைச் சொல்லி என்ர நம்பரை கொம்பியூட்டரில இருந்து எடுப்பிச்சு விடுங்கோ."