மூக்கண்ணனுக்குப் பிடிபடாத புகை

ஜெனரேட்டர் மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். புகையை ஒரு இழு இழுத்துப் பார்த்து, "ரிங் போச்சு", "டீசல்ல தண்ணி" என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். "மூக்குக்கு மேல கோவம் மட்டுந்தான் வருது, புத்தி வரல" என்று பெண்டாட்டி கேலி செய்வாள். உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

அன்று மத்தியானம் பேய்மழை. எதிர்வரிசையில் இருந்த அவர் பட்டறையில் இன்ஜின் சத்தம் கேட்டது, ஷட்டர் இறங்கியிருந்தது. வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவள், இந்த மனுஷனுக்குத் தெரியாத புகையா என்று மழை விடக் காத்திருந்தாள். பிறகு சோற்றுத் தூக்கோடு போய் ஷட்டரைத் தூக்கினால், அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாந்தி.

"ஐயோ! புகையடிச்சிருச்சா?"

"புகையா? சுத்தமா எரியுது... வாசமே இல்ல பாரு" என்றார். நாக்குக் குழறியது.

இன்ஜினை அணைத்து, அவரை வெளியே இழுத்துப்போட்டு, ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினாள். தொண்ணூற்றொன்பது.

"ஆக்சிஜன் நல்லாதான் இருக்கும்மா."

"அப்ப வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்தவர், இடது செருப்பில் வலது காலை நுழைக்கப் பார்த்தார். அவள் அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். "டாக்டர் பாக்காம ஒரு அடி நகர மாட்டேன்!" என்று கத்தினாள்.

டாக்டர் வந்து, நடந்ததை அவள் சொன்னதும், இன்ஜின் ஓடினபோது ஷட்டர் மூடியிருந்ததா என்று ஒன்றே ஒன்று கேட்டார். உடனே அவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி, ரத்தம் எடுத்து அனுப்பினார்.

"தொண்ணூத்தொம்பதுன்னு காட்டுதே, டாக்டர்?"

"நுரையீரல்ல கோடிக்கணக்குல குட்டிக் காத்துப்பை இருக்கும்மா. அதோட சுவர் ரொம்ப மெல்லிசு. அதத் தாண்டித்தான் ஆக்சிஜன் ரத்தத்துல ஏறும், கழிவுக் காத்து வெளிய வரும். இன்ஜின்ல வர்ற கார்பன் மோனாக்சைடு முந்திக்கிட்டு ஏறி, ஆக்சிஜனோட சீட்டப் புடிச்சுக்கும். லேசுல எழுந்திரிக்காது. சீட்டு நிறைஞ்சிருக்குன்னுதான் இந்தக் கருவிக்குத் தெரியும். உக்காந்திருக்கிறது யாருன்னு தெரியாது."

"வாசம் வராதா?"

"வரவே வராது."

ரத்தப் பரிசோதனையும் கார்பன் மோனாக்சைடு என்றே சொன்னது. மாஸ்க்கில் ஆவி படிவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள். படியத் தாமதமானால் அவளுக்கும் மூச்சு நின்றது.

சாயங்காலம் அவர் தெளிவாகக் கண் திறந்தார். "எனக்கே மணக்கலியே. முப்பது வருஷமா இந்த மூக்க நம்பித்தானே பொழச்சேன்."

அழுகையும் ஆத்திரமும் அவளுக்கு ஒன்றாகப் பொங்கின.

"நானும் அத நம்பித்தான் ஜன்னல்ல நின்னு மழைய வேடிக்க பாத்துட்டிருந்தேன்" என்றாள்.