தோட்டச் சங்கக் கூட்டத்தில் அம்மா

இன்று கடையில் தக்காளிக் கொத்தொன்றை எடுத்தபோது விரல்களில் ஒட்டிய காம்பின் பச்சை வாசம், டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊருக்கு வெளியே, ஆளுக்கொரு துண்டு நிலம் வாடகைக்குத் தந்த எங்கள் தோட்டச் சங்கத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. ஒரே உயரத்தில் வெட்டிய செடிவேலிகளும், ஞாயிறு காலைகளில் கொடிக்கம்பத்தில் கயிறு அடிபடும் சத்தமும், தையல் ஃபக்டரியிலிருந்து நேரே சைக்கிளில் வந்து வெறுங்கையால் களை பிடுங்கும் அம்மாவுமாக என் கோடைகள் அங்கேதான் கழிந்தன.

அங்கே வீடுகள் வரப்போகின்றன, கோடைக்கு முன்பே எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒரு வசந்தத்தில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. சங்கக் கூட்டத்தில் டெனிஷ்காரர்கள் தலைகுனிந்திருக்க, அதுவரை வாய்திறக்காத அம்மா எழுந்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே டெனிஷில சொல்லு. நட்ட கிழங்கைக் கிண்டாமல் நாங்கள் போகமாட்டம். போறதெண்டால் வேற காணி தரவேணும்."

எழுந்து அப்படியே டெனிஷில் சொன்னேன். முதலில் ஒரு கிழவி ஆமோதித்து மேசையைத் தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். சங்கத் தலைவர் அதையே பதிலாக எழுதி அனுப்பினார். இலையுதிர்காலம்வரை தவணையும், ஊரின் மறுபக்கத்தில் காணியும் கிடைத்தன.

புதிய காணி முழுக்கக் கல். எல்லோரும் அதன் ஓரத்திலேயே நின்றோம்.

"தண்ணிப் பைப் எங்க வருமெண்டு கேள்," என்றார் அம்மா.

தலைவர் கைகாட்டி முடிப்பதற்குள், அம்மா மண்வெட்டியோடு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.